வண்டியின் பின் கண்ணாடி உடைந்தால் இன்சூரன்ஸ் தருமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தென்னைக்கு எப்போது உரம் வைப்பது, கரும்புக்கு எப்போது மண் அணைப்பது என்று பேசுகிறவன், இன்றைக்கு வண்டிக் கண்ணாடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. கம்பைநல்லூரில் பயிர்க் காப்பீடு பற்றி ஒரு கூட்டம் போட்டோம். நான் பேசி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "சார், பயிருக்கு இன்சூரன்ஸ் சொன்னீங்க, சரி. எம் பையன் பிக்கப் வண்டி வெச்சிருக்கான். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டறோம். போன வாரம் பின்னாடி கண்ணாடி நொறுங்கிப் போச்சு. கண்ணாடிக்கெல்லாம் இன்சூரன்ஸ் வராதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. வருமா, வராதா?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் பயிரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை!

"விசாரித்துச் சொல்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருடைய பாலிசியையும், வேறு சிலருடைய பாலிசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஒரு காலத்தில் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மாட்டு வண்டி நின்றது. இன்றைக்கு அந்த இடத்தில் பிக்கப்போ, சின்ன லாரியோ, பழைய காரோ நிற்கிறது. காரிமங்கலம் சந்தைக்குத் தேங்காய், பாலக்கோட்டுக்குத் தக்காளி எல்லாம் அதில்தான் போகிறது. போர்வெல் குழாயும் சொட்டுநீர்ப் பைப்பும் அதில்தான் வருகின்றன. சரக்கு வண்டியில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடிதான் சரக்கு சரிந்தால் முதலில் அடி வாங்கும். பெரியவர் வீட்டில் நடந்ததும் அதுதான். தருமபுரியிலிருந்து இரும்புக் குழாய் ஏற்றி வந்திருக்கிறார்கள். வேகத்தடையில் திடீரென்று பிரேக் போட்டதும் கட்டு தளர்ந்து, இரண்டு குழாய் முன்னால் வழுக்கிக் கண்ணாடியைக் குத்திவிட்டது. கேபின் தகடும் உள்வாங்கிவிட்டது. முன் இருக்கையில் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். தலையில் கண்ணாடி கொட்டியும் பையனுக்கு ஒரு கீறலோடு போயிற்று.

அது எப்படி என்று கேட்பீர்கள். வண்டியின் முன் கண்ணாடி வேறு, பின் கண்ணாடி வேறு. முன் கண்ணாடி இரண்டு தகடுகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அடிபட்டால் சிலந்தி வலை மாதிரி விரியும், ஆனால் உதிராது. பின் கண்ணாடி பெரும்பாலும் ஒரே தகடு. அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக ஊதிச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு ஆசாரி பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுபோல இந்தக் கண்ணாடியின் மேல்தோல் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும், உட்பகுதி இழுபட்டபடி இருக்கும். அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம். ஆனால் ஏதாவது ஓர் இடத்தில் தோல் கிழிந்துவிட்டால் மொத்தமும் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கூரான பெரிய துண்டு வராது. பையன் தப்பியது அதனால்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. முன் கண்ணாடியில் சின்னக் கல் தெறித்த குழி என்றால் பிசின் விட்டு அடைத்துவிடலாம். பின் கண்ணாடிக்கு ஒட்டு வேலையே கிடையாது. முழுசாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்போது பாலிசிக்கு வருவோம். "இன்சூரன்ஸ் இருக்கு" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதில்தான் முதல் கோளாறு. இன்சூரன்ஸ் இரண்டு வகை. ஒன்று தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் அது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். ஆனால் நம் வண்டிக் கண்ணாடிக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. இரண்டாவது, நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோமே, அது. பாலிசியில் பேக்கேஜ் என்று போட்டிருக்கும். இதில்தான் நம் சொந்த வண்டியின் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஏஜெண்டைத் தேடிப் போக வேண்டாம். பாலிசித் தாளில் பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். ஓன் டேமேஜ் என்ற தலைப்பில் தொகை எழுதியிருந்தால் சொந்தச் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த இடம் காலியாகவோ சைபராகவோ இருந்தால் கண்ணாடிக்கு வராது. இங்கிலீஷ் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கார் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல், புதுக் காருக்கு மூன்று வருஷமும் புது மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து வருஷமும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும். நம்மவர்கள், "மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த மூன்று வருஷம் தேர்டு பார்ட்டிக்குத்தான். சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். இரண்டாம் வருஷம் தென்னை மரத்தடியில் நிறுத்திய கார் மேல் குலை விழுந்து பின் கண்ணாடி போனால், கம்பெனிக்காரர் கையை விரித்துவிடுவார். அவர் மேல் தப்பு இல்லை. அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் புதுப்பிக்கலாம். தேதி இரண்டும் வேறு வேறு என்பதை மட்டும் பாலிசி மேலேயே பேனாவால் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொந்தச் சேதப் பாதுகாப்பு இருக்கிறது. எதனால் உடைந்தால் தருவார்கள்? வெளியிலிருந்து வந்த விபத்து எதுவானாலும் சரி. கல் தெறித்தது, மரக்கிளை விழுந்தது, ஆலங்கட்டி மழை, சூறைக்காற்று, கலவரம், வேண்டாதவன் கல்லெறிந்தது, திருடன் உடைத்தது எல்லாம் இதில் சேரும். தேய்ந்து போனது, இயந்திரம் தானாகப் பழுதானது இவற்றுக்குக் கிடையாது. சரக்கு வண்டிக்கு மேலும் ஒரு விலக்கு உண்டு. அளவுக்கு மீறிய பாரத்தால் வந்த சேதத்துக்குத் தரமாட்டார்கள்.

பெரியவர் விஷயத்தில் சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர் கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு எடை ஏற்றினீர்கள்?" என்பதுதான். நல்லவேளை, குழாய் வாங்கிய கடை பில்லில் எத்தனை குழாய், எத்தனை கிலோ என்று எழுதியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவுக்குள் அது அடங்கியது. கடை பில்லையும் எடைமேடைச் சீட்டையும் வண்டியை விட்டு இறங்கியதும் கசக்கிப் போடுகிற வழக்கம் நமக்கு உண்டு. அதை இனி விட்டுவிடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம். பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போடும்போது தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். 2002-இல் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்த மோட்டார் கட்டண விதிகளில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு. பிரீமியத் தொகையைக் கம்பெனிகள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று 2007-இல் விட்டுவிட்டாலும், இந்தக் கழிவுக் கணக்குத்தான் இன்றும் பாலிசிகளில் இருக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக், பாட்டரிக்குப் பாதி கழிப்பார்கள். இரும்புத் தகடுக்கு வண்டியின் வயசுப்படி கழிப்பார்கள். நாலு முடிந்து அஞ்சாவது வருஷம் நடக்கிறது என்றால் 35 சதவீதம் போகும். ஆனால் கண்ணாடிக்குக் கழிவே கிடையாது! வண்டி பத்து வருஷம் பழசானாலும் கண்ணாடிக்கு முழு விலைதான். "கண்ணாடிக்கு வராது" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, விதி அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

பெரியவரின் வண்டிக்கு வயசு நாலரை. பட்டறைக்காரர் கொடுத்த எஸ்டிமேட்டை, வரியை விட்டுவிட்டு முழு எண்ணாகச் சொல்கிறேன். கண்ணாடி 3,600. அதைச் சுற்றிப் போடும் ரப்பர் பீடிங் 400. கேபின் தகடு 12,000. கூலி 5,000. பெயிண்ட் 6,000. ஆக மொத்தம் 27,000 ரூபாய். கண்ணாடிக்கு 3,600-ம் முழுசாக வந்தது. பீடிங்குக்குப் பாதி, 200. தகடுக்கு 35 சதவீதம் போக 7,800. கூலி முழுசாக 5,000. பெயிண்ட்டுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 16,600. ஒவ்வொரு தடவை பணம் கேட்கும்போதும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் அவர் பாலிசியில் 500. அது போக 16,100 ரூபாய் கைக்கு வந்தது.

பெயிண்ட்டுக்கு ஏன் இல்லை? சரக்கு வண்டிப் பாலிசியில், வண்டி முழுசாக அழிந்தால் ஒழிய, லைட், டயர், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பகுதிகள், பம்பர், பெயிண்ட் இவற்றுக்குத் தரமாட்டார்கள். கூடுதல் பிரீமியம் கட்டி ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையை எடுத்திருந்தால் மட்டும் இவை வரும். "அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலியே சார்" என்றார் பெரியவர். அவர் சொன்னது உண்மைதான். பாலிசி போடும்போது, "எவ்வளவு குறைச்சுக் கட்டலாம்?" என்றுதான் நாமும் கேட்கிறோம். ஏஜெண்டும் குறைத்துக் காட்டுகிறார். கண்ணாடி அந்த விலக்குப் பட்டியலில் இல்லை என்பதால் அதற்குப் பணம் வந்துவிட்டது.

சொந்தக் காருக்கு இந்த விலக்கு கிடையாது. 1,500 சி.சி. வரை கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். அதற்கு மேல் 2,000. பிரீமியம் குறையட்டும் என்று நீங்களாக ஒப்புக்கொண்ட பிடித்தம் இருந்தால் அதுவும் சேரும். பம்பர்-டு-பம்பர் என்று சொல்கிற கழிவில்லாச் சேர்க்கை, கண்ணாடிக்காக மட்டும் என்றால் தேவையில்லை. கண்ணாடிக்குத்தான் ஏற்கெனவே கழிவு இல்லையே.

கண்ணாடி உடைந்தவுடன் என்ன செய்ய வேண்டும்? நம்மவர்கள் முதலில் துடைப்பத்தைத் தேடுகிறார்கள். கூட்டுவதற்கு முன்பு படம் எடுங்கள். வண்டி நம்பர் தெரிகிற மாதிரி ஒன்று, உடைந்த இடம் கிட்டத்தில் ஒன்று, குத்திய குழாயோ கல்லோ கிளையோ சேர்த்து ஒன்று. பிறகு பாலிசியில் உள்ள நம்பருக்கு உடனே போன் போட்டு, அவர்கள் தரும் கிளெய்ம் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்கும் முன்போ, கம்பெனி சம்மதிக்கும் முன்போ மாற்றிவிடக் கூடாது. "சந்தைக்குப் போகணும் சார், மாத்திட்டேன்" என்று பில்லோடு போய் நின்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும். இப்போது பல கம்பெனிகள் போனில் அனுப்பும் படத்தையும் வீடியோவையும் வைத்தே முடிவு செய்கின்றன. ஆகவே ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை திறந்த இடத்தை நல்ல பாலித்தீன் தாளால் மூடிக் கட்டுங்கள். பாலிசி நிபந்தனையிலேயே இது இருக்கிறது. சேதமான வண்டியைக் கவனிக்காமல் விட்டாலோ, பழுது பார்க்காமல் ஓட்டினாலோ, அதனால் மேற்கொண்டு வரும் சேதம் நம் தலையில்தான். கண்ணாடிக்குப் பணம் வரும். மழையில் நனைந்து கெட்ட சீட்டுக்கு வராது.

யாராவது கல்லெறிந்து உடைத்திருந்தாலோ, திருட்டு முயற்சி என்றாலோ, ஆளுக்கு அடிபட்டிருந்தாலோ போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல், சரக்கு வண்டியானால் பெர்மிட்டும் எஃப்.சி.யும் கேட்பார்கள். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள பட்டறையில் விட்டால் அவர்கள் பங்கை நேரே கட்டிவிடுவார்கள். நம் ஊர்ப் பட்டறையில் செய்தால் முதலில் நாம் கட்டிவிட்டுப் பில் கொடுத்துப் பிறகு வாங்க வேண்டும். மாற்றும் கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புத் தாள் ஒட்டச் சொல்லாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2012-இலேயே அதைத் தடுத்துவிட்டது.

லைசென்ஸ் விஷயத்தில் விவசாயிகளுக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று வந்திருக்கிறது. கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸை வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று கம்பெனிகள் வெகுநாள் வழக்காடின. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 6 அன்று அதை உறுதி செய்தது. நம் பிக்கப் வண்டிகள் எல்லாம் இந்த எடைக்குள் வந்துவிடும். ஆனால் லைசென்ஸே இல்லாத பையன் கையில் சாவியைக் கொடுப்பதும், குடித்துவிட்டு ஓட்டுவதும் எந்தத் தீர்ப்பிலும் தப்பாது.

வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அப்படி விட்ட வண்டி விபத்தில் சிக்கிய அமலேந்து சாகு என்பவரின் வழக்கில், கம்பெனி ஒரேயடியாகக் கைகழுவக் கூடாது, ஒரு பகுதியைத் தர வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. ஒரு பின் கண்ணாடிக்காக நாம் டெல்லிக்குப் போக முடியுமா?

இனி நான் சொல்லப் போவதுதான் இன்றைய பேச்சில் முக்கியமானது. பணம் கிடைக்கும் என்பதற்காகவே கேட்டுவிடக் கூடாது! வருஷம் முழுக்கப் பணம் கேட்காதவருக்கு அடுத்த வருஷம் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. நோ கிளெய்ம் போனஸ் என்பார்கள். முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், பிறகு தொடர்ந்து 25, 35, 45, கடைசியில் 50. ஒரே ஒரு தடவை பணம் வாங்கினாலும் அது சைபருக்கு இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

கணக்குப் போடுவோம். ஒருவருக்குத் தள்ளுபடி இல்லாத சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கேட்காமல் இருந்து இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறார். காரின் பின் கண்ணாடி மட்டும் உடைந்தது, செலவு 6,000. கேட்டால் பிடித்தம் 1,000 போக 5,000 கிடைக்கும். கேட்காவிட்டால் அடுத்த வருஷம் 45 சதவீதத் தள்ளுபடியில் 4,400 கட்டியிருப்பார். கேட்டதால் முழு 8,000. அங்கேயே 3,600 போயிற்று. இரண்டாம் வருஷம் 4,000-க்குப் பதில் 6,400. அதற்கடுத்த வருஷங்களில் கூடுதலாக 2,000, 1,200, 400. எல்லாம் கூட்டினால் 9,600 ரூபாய். வண்டி பழசாக ஆக அதன் மதிப்போடு பிரீமியமும் இறங்குவதால் இது கொஞ்சம் குறையலாம். எப்படியும் 5,000 வாங்க அதற்கு மேல் கொடுத்தவர் ஆகிறார்.

இன்னும் போனஸே சேராத முதல் வருஷத்துக்காரர் என்றால் இதே கணக்கில் இழப்பு மொத்தம் 4,000-தான் வரும். அவர் கேட்கலாம். கண்ணாடியோடு டிக்கிக் கதவும் நசுங்கிச் செலவு 30,000 என்றால் யாரும் தயங்காமல் கேட்கலாம். நம் பெரியவர் 16,100-க்காகக் கேட்டது சரிதான். வெறும் கண்ணாடி மட்டும் போயிருந்தால் 3,600-க்காகக் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சில கம்பெனிகள் தனிப் பிரீமியம் வாங்கிக்கொண்டு போனஸைக் காப்பாற்றித் தருகின்றன. உங்கள் பாலிசியில் அது இருந்தால் இந்தக் கணக்கு மாறும். இன்னொன்று: பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் கேட்காமலே போனஸ் போய்விடும். மாங்காய் வித்த காசு வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

நியாயமான தொகையைக் கம்பெனி மறுத்தால், முதலில் அந்தக் கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கே எழுத்து மூலம் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அவருடைய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 155255.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது இளைஞர் ஒருவர், "எங்க டிராக்டருக்குப் பின் கண்ணாடியே இல்லையே சார், எங்களுக்கு என்ன சொல்றீங்க?" என்று சிரித்தார். தம்பி, உங்களுக்கும் ஒன்று உண்டு. டிராக்டருக்குப் போட்ட பாலிசி பின்னால் மாட்டும் டிரெய்லருக்கும் சேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். டிரெய்லரின் நம்பரும் பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த கரும்பு லோடு கோபாலபுரம் ஆலைக்குக் கிளம்பும் முன்னால் ஏஜெண்டைக் கூப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.